மெடிக்கெய்டு முடிவு வர்றதுக்குள்ள அம்மாவ நர்சிங் ஹோம்ல இருந்து அனுப்பறேன்னு லெட்டர் குடுத்தா என்ன பண்ணோணும்

ராத்திரி 9 மணி இருக்கும்ங்க, மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிப்போட்டு அப்பத்தான் வந்து திண்ணையில உக்காந்தேன், நியூ ஜெர்சியில இருந்து அக்கா போன். எடுத்ததும் அழுகை. "அம்மாவ 30 நாளைக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லி லெட்டர் குடுத்துட்டாங்கடா, 3 மாசமா பணம் வரலையாம், மெடிக்கெய்டு இன்னும் முடிவாகலையாம், நான் எங்கடா கொண்டு போயி வெப்பேன்"னு. எனக்குக் கை காலே ஓடல. அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாது. அதுக்கப்புறம் 8 மாசம் பட்டுப் பட்டுத் தெரிஞ்சுகிட்டதை இங்க எழுதறேன், ஏன்னா கோபி, நம்பியூர், பெருந்துறை, காங்கேயம்னு நம்ம பக்கம் எத்தனையோ வீட்ல பேரன் பேத்தி பாக்கப் போன அப்பா அம்மா அங்கயே தங்கி கிரீன் கார்டு, சிட்டிசன்னு ஆயி இப்ப 80 வயசத் தொட்டு நிக்கறாங்க. அங்க இருக்கற அக்காவோ அண்ணனோ மட்டும் ஓடுனா இந்த வேலை முடியாதுங்க, பாதி வேலை இங்க தாலுகா ஆபீஸ்லயும் சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும்தான் கெடக்குது, அதுனால ஊர்ல இருக்கறவங்களும் இதைப் படிங்க.

ஒரு விசயத்தை முன்னாடியே சொல்லிப்போடறேன். நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவம் பாக்கற சின்ன ஆஸ்பத்திரி. அங்க நர்சிங் ஹோம்னா நடக்க முடியாத, தானா சாப்பிட முடியாத பெரியவங்க மாசக்கணக்கா வருசக்கணக்கா இருக்கற எடம். அது மாதிரி மெடிக்கேர் வேற, மெடிக்கெய்டு வேற. மெடிக்கேர் 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான இன்சூரன்ஸ், அது ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கப்புறம் தெரபி, நர்ஸ் பாக்கற தேவை இருக்கற வரைக்கும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 நாள்தான் நர்சிங் ஹோமுக்குக் குடுக்கும், அதுலயும் மொதல் 20 நாள்தான் முழுசா, அதுக்கப்புறம் தினமும் நம்ம பங்கு ஒண்ணு கட்டோணும். அதுக்கு மேல வருசக்கணக்கா தாங்கறது பெரும்பாலும் மெடிக்கெய்டுங்கற அரசாங்க உதவிதான், ஆனா அது சொத்து கம்மியா இருக்கறவங்களுக்கு, நிறைய ஸ்டேட்ல தனி ஆளுக்கு 2000 டாலருக்கு மேல கையில இருக்கக் கூடாது. கிரீன் கார்டு வாங்கி 5 வருசம் ஆகலைன்னா பெரும்பாலும் மெடிக்கெய்டு கெடைக்கறதே கஷ்டம், அது தனிக் கதை. எங்கம்மா சிட்டிசன் ஆயிட்டாங்க, அதனால அந்தத் தொல்லை இல்ல.

சரி, லெட்டர் வந்துருச்சு. மொதல்ல அது எந்த லெட்டர்னு பாருங்க. ரெண்டு வகை இருக்குது, அழுகையில யாரும் அதைப் பாக்கறதில்ல. ஒண்ணு, இந்தத் தேதியோட மெடிக்கேர் பணம் குடுக்கறது நின்னுரும்னு சொல்றது. அது குறைஞ்சது 2 நாளைக்கு முன்னாடி வரோணும், அதை எதுத்து அப்பீல் பண்றதுக்கு அந்தக் காகிதத்துலயே ஒரு நம்பர் இருக்கும், பணம் நிக்கறதுக்கு மொத நாள் மதியம் 12 மணிக்குள்ள கூப்பிட்டுரோணும். இந்த லெட்டர் வந்தா படுக்கைய விட்டு எந்திரிச்சுப் போகோணும்னு அர்த்தம் இல்லைங்க, பணம் குடுக்கற ஆள் மாறறாங்க, அவ்வளவுதான். நிறையப் பேர் இந்த லெட்டரைப் பாத்தே பயந்துபோயி அன்னிக்கே கூட்டிட்டு வந்தர்றாங்க.

ரெண்டாவதுதான் நெசமாலுமே டிஸ்சார்ஜ் நோட்டீஸ். இது காகிதத்துல வரோணும், பொதுவா 30 நாளைக்கு முன்னாடி வரோணும், எதுக்கு அனுப்பறோம், எந்தத் தேதி, எங்க அனுப்பறோம், எதுத்து அப்பீல் பண்ண என்ன வழி, ஆம்பட்ஸ்மேன் (ஹோம்ல இருக்கறவங்களுக்காகப் பேசற ஆளு) யாரு, அவங்க போன், ஈமெயில், விலாசம் என்ன, இத்தனையும் அதுல இருக்கோணும், அதோட ஒரு காப்பி ஆம்பட்ஸ்மேன் ஆபீசுக்கும் போகோணும். பில்லிங்ல இருக்கறவங்க வராண்டாவுல நிறுத்தி "மாசக் கடைசிக்குள்ள பாத்துக்குங்க"ன்னு சொல்றது நோட்டீஸ் கணக்குல வராது. இன்னொண்ணு, அந்த நோட்டீஸ் அங்க இருக்கறவங்களுக்குப் புரியற மொழியில, புரியற விதத்துல இருக்கோணும்னு சட்டத்துலயே இருக்குது. எங்கம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அக்கா அதை எழுதிக் கேட்டதும் போன்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் புடிச்சு அம்மாகிட்ட விளக்கிச் சொன்னாங்க. அம்மா கேட்ட மொத கேள்வியே "நான் என்ன தப்புப் பண்ணேன்"னுதான். அக்கா அதைச் சொன்னப்ப எனக்குத் தாங்கல.

எதுக்காக அனுப்பலாம்ங்கறதுக்கு அமெரிக்கச் சட்டத்துல 6 காரணம்தான். 1987ல வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்துல இருந்து வர்றது இது, மெடிக்கேர் மெடிக்கெய்டு பணம் வாங்கற எல்லா ஹோமுக்கும் பொருந்தும். அங்க இவங்களுக்குத் தேவையானதைப் பண்ண முடியல, ஒடம்பு நல்லாயிருச்சு இனிமே தேவை இல்ல, இவங்களால மத்தவங்க பாதுகாப்புக்கு ஆபத்து, மத்தவங்க ஆரோக்கியத்துக்கு ஆபத்து, பணம் கட்டல, ஹோமையே மூடறாங்க. இந்த ஆறுல இல்லாத எதுவும் செல்லாது.

இப்ப நம்ம விசயம் அந்த அஞ்சாவது. பணம் கட்டலைங்கறதுக்கு அங்க ஒரு அர்த்தம் வெச்சிருக்காங்க, இதுதான் எங்களைக் காப்பாத்துனது, நிதானமாப் படிங்க. மெடிக்கெய்டுக்குத் தேவையான காகிதத்தைக் குடுக்காம இருந்தாலோ, இல்ல மெடிக்கெய்டு முடியாதுன்னு சொன்னதுக்கப்புறமும் நீங்க கட்ட மாட்டேன்னாலோதான் அது பணம் கட்டாத கணக்கு. விண்ணப்பம் போட்டு, கேட்ட காகிதத்தை எல்லாம் குடுத்துகிட்டு, முடிவுக்குக் காத்துட்டு இருந்தா பணம் கட்டலைங்கற காரணத்துல வெளிய அனுப்ப முடியாது. விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணி அதை எதுத்து அப்பீல் போட்டிருந்தாலும் அது முடியற வரைக்கும் பணம் கட்டாத கணக்கு இல்ல. ஆக, காகிதம் குடுக்கறதை விட்டீங்கன்னா இந்தப் பாதுகாப்பும் போயிரும்.

லெட்டர் வந்த அன்னிக்கே பண்ண வேண்டியது என்னன்னா, அதுல இருக்கற ஆம்பட்ஸ்மேன் நம்பருக்குக் கூப்பிடுங்க. ஆம்பட்ஸ்மேன்னா நர்சிங் ஹோம்ல இருக்கறவங்க பக்கம் நின்னு பேசறதுக்குன்னே ஒவ்வொரு ஸ்டேட்லயும் இருக்கற ஆளு, காசு கேக்க மாட்டாங்க. லெட்டர்ல நம்பர் இல்லைன்னா 1-800-677-1116ங்கற எல்டர்கேர் லொகேட்டர் நம்பர்ல கேட்டா உங்க ஊர் ஆம்பட்ஸ்மேன் நம்பரும், 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு எலவசமா வாதாடற லீகல் எய்டு நம்பரும் சொல்வாங்க. அடுத்து ஹியரிங் (அப்பீல் விசாரணை) வேணும்னு எழுதிப் போட்டுருங்க, டிஸ்சார்ஜ் தேதிக்கு முன்னாடி அது போய்ச் சேரோணும், எத்தனை நாளைக்குள்ளன்னு லெட்டர்ல போட்டிருக்கும், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். சரியான நேரத்துல அப்பீல் போட்டுட்டா முடிவு வர்ற வரைக்கும் அனுப்பக் கூடாது, யாரோட ஆரோக்கியத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னு அவங்க காட்டுனாத்தான் விதிவிலக்கு. பேக்ஸ்ல போட்டா போன ரசீதை வெச்சுக்குங்க, தபால்ல போட்டா சர்ட்டிபைடு தபால்.

மூணாவது, ஹோமோட அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரு ஈமெயில். கோவமா எழுதாதீங்க, அக்கா மொதல்ல எழுதுனதை நான்தான் நிறுத்துனேன். இந்தத் தேதியில மெடிக்கெய்டு விண்ணப்பம் போட்டோம், இது கேஸ் நம்பர், இந்தத் தேதியில இந்தக் காகிதங்க குடுத்தோம், இன்னும் இன்னது பாக்கி, அது இந்தியாவுல இருந்து வந்துட்டு இருக்குது, விண்ணப்பம் முடிவாகாம இருக்கறப்ப பணம் கட்டலைன்னு அனுப்ப முடியாதுன்னு விதி இருக்குது, நோட்டீசை வாபஸ் வாங்கிக்குங்க. அவ்வளவுதான் எழுதோணும். போன்ல பேசுனா பேசி முடிச்சதும் "இன்னைக்கு நாம பேசுனது இது"ன்னு 4 வரி ஈமெயில் போட்டு வெச்சிருங்க, வாய்ப்பேச்சு நாளைக்கு நிக்காது.

எங்க அனுப்பறோம்ங்கற எடத்தையும் நல்லாப் பாருங்க. எங்க லெட்டர்ல "மகள் வீடு"ன்னு போட்டிருந்தாங்க. அக்கா சரின்னு சொல்லவே இல்ல. அக்கா இருக்கறது லிப்ட் இல்லாத ரெண்டாவது மாடி, அம்மாவைக் கட்டில்ல இருந்து சேர்ல உக்கார வெக்கவே ரெண்டு ஆள் வேணும், அக்காவும் மச்சானும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. பாதுகாப்பா இருக்கற எடத்துக்கு, ஒரு திட்டத்தோடதான் அனுப்பலாம், அதனால இதை எல்லாம் ஹியரிங் கேக்கற லெட்டர்லயே எழுதுனோம். இந்த எடத்துல நம்ம சாதி சனம் பேசற பேச்சு ஒண்ணு இருக்குதுங்க, "பெத்தவளைக் கொண்டு போயி ஹோம்ல தள்ளிட்டாங்க"ன்னு. நோம்பிக்கு வந்த ஒறம்பரையெல்லாம் என்கிட்ட கேட்டாங்க, "பேசாம இங்க கூட்டிட்டு வந்துருங்களேன்"னு. டியூப்ல கஞ்சி போற அம்மாவ ஒரு நாள் முச்சூடும் பிளேன்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வர முடியாதுங்க. பயத்துல நாமளாக் கூட்டிட்டு வந்துட்டா அப்பீலுக்கே வேலை இல்லாமப் போயிரும், திரும்ப உள்ள சேக்கறது குதிரைக்கொம்பு. வீட்ல வெச்சுப் பாக்கறதா இருந்தா அது நீங்க யோசிச்சு எடுத்த முடிவா இருக்கட்டும், ஒரு லெட்டருக்குப் பயந்து எடுத்ததா இருக்க வேண்டாம்.

இனி காகிதத்துக்கு வர்றேன், இதுதான் ஊர்ல இருக்கறவங்க வேலை. 65 வயசுக்கு மேல உள்ளவங்க விண்ணப்பத்துக்கு 45 நாள்ல முடிவு சொல்லோணும்னு விதி, ஆனா கேட்டது வரலைன்னா அவங்க காத்துட்டு இருக்க மாட்டாங்க, காகிதம் குடுக்கலைன்னு தள்ளுபடி பண்ணிருவாங்க. மெடிக்கெய்டு விண்ணப்பத்தைப் பாக்கற கவுண்டி ஆபீஸ்ல (நம்ம மாவட்ட ஆபீஸ் மாதிரி) இருந்து இன்னின்னது வேணும்னு லெட்டர் வரும். எங்களுக்கு வந்ததுல 10 நாள்தான் டைம் குடுத்திருந்தாங்க. பத்து நாள்ல நம்ம ஊர்ல பத்திர நகல் வாங்க முடியுமாங்க? அதுனால தேதி முடியறதுக்கு முன்னாடியே "இதெல்லாம் இந்தியாவுல இருந்து வரோணும், மனு போட்டிருக்கோம், இந்தா ரசீது, இன்னும் 30 நாள் குடுங்க"ன்னு எழுதிக் கேக்கோணும். மனு போட்ட ரசீதை போட்டோ எடுத்து அனுப்புனேன், குடுத்தாங்க. சும்மா இருந்துட்டு தேதி முடிஞ்சு கேட்டா கஷ்டம்.

அம்மா பேர்ல இங்க என்ன இருக்குதுன்னு மொதல்ல உக்காந்து எழுதுங்க. எங்க வீட்ல எழுத எழுத வந்துட்டே இருந்துச்சு. அய்யன் இறந்ததுக்கப்புறம் கூட்டுப் பட்டாவுல அம்மா பேரு ஏறி இருந்துச்சு, எனக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் சரிபங்கு. பேங்க்ல ஒரு சேமிப்புக் கணக்கு, ரெண்டு பிக்சட் டெபாசிட், அய்யன் போட்டு வெச்ச எல்ஐசி ஒண்ணு, பால் சொசைட்டியில பங்கு. இதெல்லாம் அமெரிக்காவுல எதுக்குன்னு நெனைக்காதீங்க, வெளிநாட்டுல இருக்கற சொத்தும் கணக்குல வரும். மறைக்கறது ரொம்ப ஆபத்து, விண்ணப்பத்துல எல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடறாங்க, பின்னாடி தெரிஞ்சா வாங்குன பணத்தைத் திருப்பிக் கட்டறதோட வழக்கும் வரும். எங்க சொந்தத்துலயே ஒருத்தர் "அங்க இருக்கறவனுக்கு நம்ம பட்டா எப்படித் தெரியும்"னாரு. பட்டாவும் வில்லங்கமும் இன்னிக்கு ஆன்லைன்ல யார் வேணா பாக்கலாம்ங்க, அதை விட, பொய் சொல்லி அம்மாவோட படுக்கைய எதுக்கு ஆபத்துல வெக்கோணும்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல எடுத்துக்கலாம். வில்லங்கச் சான்றும் கைடுலைன் வேல்யூவும் பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல. பத்திரத்தோட சான்றிட்ட நகலுக்கு அதுலயே மனு போடலாம், இல்ல நேர்ல போகலாம், நான் நேர்லதான் போனேன். பட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ்னு இருக்கும், பத்திரத்துல ஏக்கர், செண்ட்னு இருக்கும், அங்க அவங்க ஏக்கர்லதான் பேசறாங்க, அதனால 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 100 செண்ட் 1 ஏக்கர்னு கணக்குப் போட்டு ஒரு சீட்டு எழுதி மேல வெச்சுக் குடுத்துட்டா குழப்பம் இல்ல. அய்யனோட இறப்புச் சான்றிதழ், தாசில்தார் குடுத்த வாரிசு சான்றிதழ் ரெண்டும் வேணும், பங்கு எத்தனைன்னு அதுல இருந்துதான் தெரியும். தமிழ்ல இருக்கறதை எல்லாம் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் "ரெண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு"ன்னு கையெழுத்துப் போட்டுத் தரோணும்.

பேர்ல வர்ற தொல்லை இருக்குதே, அது நம்ம ஊருக்கே உள்ளது. பட்டாவுல புருசன் இனிசியலோட ஒரு பேரு, பேங்க்ல அப்பன் இனிசியலோட, அமெரிக்கா பாஸ்போர்ட்ல அய்யன் பேரைக் கடைசிப் பேராப் போட்டு வேற மாதிரி. மூணும் ஒரே ஆள்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மூணும் நான்தான்னு ஒரு அபிடவிட், அங்கயே நோட்டரிகிட்ட அம்மா கைரேகை வெச்சுக் குடுத்தாங்க. பொறந்த தேதியும் எங்களுக்கு 2 வருசம் வித்தியாசம், அதையும் அதுலயே சேத்துட்டோம்.

பேங்க் ஸ்டேட்மெண்ட் 60 மாசத்துக்கு வேணும், மூடுன கணக்கா இருந்தாலும். பேங்க்ல போயிக் கேட்டா "அம்மா வரோணும்"பாங்க. அம்மா இங்க எதுலயும் கையெழுத்துப் போட வேண்டி வரும்னு நெனச்சா மொதல்லயே பவர் பத்திரம் ஏற்பாடு பண்ணிருங்க, இந்தியக் கான்சுலேட்டுல, இல்லைன்னா நோட்டரியும் அப்போஸ்டிலும் (வெளிநாட்டுல செல்லறதுக்கு அங்கத்த அரசாங்கம் போடற முத்திரை) வாங்கி இங்க அனுப்போணும், வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள இங்க ஸ்டாம்ப் கட்டி மாவட்டப் பதிவாளர்கிட்ட அட்ஜுடிகேசன் (ஸ்டாம்ப் சரியாக் கட்டியாச்சுன்னு சான்று) பண்ணோணும். நாங்க 3 மாசம் முடிய 6 நாள் இருக்கறப்பத்தான் போனோம். அதே மாதிரி அமெரிக்காவுல குடியிருக்கறவங்க பேர்ல சாதாரண சேமிப்புக் கணக்கு வெச்சிருக்கக் கூடாது, அது என்ஆர்ஓ (வெளிநாட்டுல குடியிருக்கறவங்க இங்கத்த பணத்தைப் போட்டு வெக்கற) கணக்கா மாத்தியிருக்கோணும், அம்மாவோடது மாத்தாமயே கெடந்துச்சு, அதையும் அப்பத்தான் சரி பண்ணுனோம்.

இப்ப எல்லாத்துக்கும் மேல ஒரு விசயம். மெடிக்கெய்டு 5 வருசம் பின்னால திரும்பிப் பாக்கும். அந்த 60 மாசத்துக்குள்ள அம்மா யாருக்காவது சொத்தைச் சும்மாவோ கம்மி வெலைக்கோ குடுத்திருந்தா, அதோட மதிப்பை அந்த ஸ்டேட்ல நர்சிங் ஹோமுக்கு ஒரு மாசம் ஆகற சராசரிச் செலவால வகுத்து, அத்தனை மாசத்துக்குப் பணம் குடுக்க மாட்டோம்னு சொல்லிருவாங்க. நம்ம பக்கம் எப்படின்னா, அம்மா அய்யன் லீவுக்கு வர்றப்ப, மாரியம்மன் நோம்பி சமயத்துல, கையோட சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி மகன் பேருக்கு விடுதலைப் பத்திரமோ தானசெட்டில்மெண்ட்டோ எழுதி வாங்கறது. யாரும் தப்பா நெனச்சுப் பண்றதில்ல, ஊர்வழக்கம். நானும் அதைத்தான் பண்ணேன். 3 வருசத்துக்கு முன்னாடி அம்மா வந்தப்ப அவங்க பங்கை என் பேருக்கு விடுதலை எழுதிக் குடுத்தாங்க, ஒரு பைசா நான் குடுக்கல. வில்லங்கத்துல அது பளிச்சுன்னு இருக்குது. அந்த நாள் ராத்திரி தூக்கமே வரல, என் கையெழுத்துனால அம்மாவுக்குப் படுக்கை போயிருமேன்னு.

திருப்பி எழுதிக் குடுத்துரலாம்னு மொத யோசனை. முடியாதுங்க. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டு ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசன் ஆன நம்ம ஆளுகளுக்கு இந்தியா குடுக்கற அட்டை) வெச்சிருக்கறவங்க வெவசாய நெலத்தை வாரிசாத்தான் அடையலாம், தானமா வாங்கக் கூடாது, வெலைக்கும் வாங்கக் கூடாது. அதுனால அங்க ஒரு எல்டர் லா (வயசானவங்க விசயம் பாக்கற) வக்கீலைப் புடிச்சுக் கேட்டோம், அவங்க சொன்னபடி அந்தப் பங்குக்கு அன்னிக்கு இருந்த மார்க்கெட் வெலைய ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை வெச்சு எழுதி வாங்கி, அந்தப் பணத்தை நான் அம்மாவோட என்ஆர்ஓ கணக்குல கட்டுனேன். மஞ்சள் வித்த காசும் ஒரு நகைக்கடனும். வரி காகிதம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறதுக்கான 15சிஏ 15சிபி ஃபாரம் எல்லாம் ஆடிட்டர் முடிச்சுக் குடுத்து டாலராப் போச்சு, என்ஆர்ஓவுல இருந்து வருசத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் அனுப்பலாம், நம்ம அளவுக்கு அது பிரச்சனையே இல்ல. அங்க போன பணம் ஹோம் பாக்கிக்கே கட்டுனாங்க. முழுசாத் திருப்பிக் குடுத்தா எப்படி, பாதி குடுத்தா எப்படிங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், அதனால வக்கீலைக் கேக்காம பணத்தை அனுப்பிப்போடாதீங்க. குடுக்க வசதியே இல்லைன்னா, இந்தத் தண்டனையால சாப்பாடு, எடம், வைத்தியம் இல்லாமப் போயிரும்னு காட்டி ஹார்ட்சிப் விலக்கு கேக்கலாம், ஹோமே உங்க சம்மதத்தோட உங்களுக்காகக் கேக்கறதுக்கும் சட்டத்துல எடம் இருக்குது. இன்னும் எழுதாம இருக்கறவங்க, அப்பா அம்மா அங்க வயசான நெலமையில இருந்தா, இந்த நோம்பிக்கு எழுத வேண்டாம்ங்க, ஒரு தடவை அங்கத்த வக்கீல்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க.

பங்கு பிரிக்காம இருக்கற நெலம் இன்னும் அம்மா பேர்ல இருந்தா, விக்க முடியாத நெலமை இருக்குதுன்னா அதைக் காகிதத்துல காட்டோணும், வழக்கு இருந்தா வழக்கு நம்பர், கூட்டாளிக சம்மதிக்கலைன்னா அவங்க எழுதுன லெட்டர். விக்கறதா இருந்தா ஓசிஐ காரங்க வெவசாய நெலத்தை இங்க குடியிருக்கற இந்தியருக்குத்தான் விக்கலாம்.

முடிவு வர்ற வரைக்கும் பணம் ஒண்ணுமே கட்டக் கூடாதான்னு கேட்டா, கட்டோணும். அம்மாவுக்குன்னு வர்ற வருமானம் எதுவா இருந்தாலும், சோசியல் செக்யூரிட்டியோ (அமெரிக்க அரசாங்கப் பென்சன்) இங்கத்த பென்சனோ, அவங்க கைச்செலவுக்குன்னு ஸ்டேட் விடற சின்னத் தொகையைப் பிடிச்சுகிட்டு மிச்சத்தை மாசாமாசம் ஹோமுக்குக் கட்டி ரசீது வாங்குங்க. மெடிக்கெய்டு வந்தாலும் அதைக் கட்டித்தான் ஆகோணும், இப்பவே கட்டிட்டு வந்தா ஹியரிங்ல நம்ம பக்கம் பலம். மெடிக்கெய்டு கெடைச்சா விண்ணப்பம் போட்ட மாசத்துக்கு முன்னாடி 3 மாசம் வரைக்கும் பின்தேதியிட்டுக் குடுப்பாங்க, 2027 ஜனவரியில இருந்து போடற விண்ணப்பத்துக்கு அது 2 மாசமாக் கொறையுது, அதனால இனிமே விண்ணப்பத்தைத் தள்ளிப் போடறது நேராப் பண நட்டம். ஹோம் பில்லு முழுத் தனியார் ரேட்டுல போட்டு லட்சக்கணக்குல வந்து நிக்கும், அதைப் பாத்து மிரளாதீங்க, மெடிக்கெய்டு ஒத்துகிட்ட மாசங்களுக்கு மெடிக்கெய்டு ரேட்டைத்தான் முழுப் பணமா எடுத்துக்கோணும்.

அம்மாவை ஹோம்ல சேத்தப்ப அக்கா ஒரு கட்டுக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்துச்சு, அதுல ரெஸ்பான்சிபிள் பார்ட்டின்னு ஒரு எடம். நீதான் பொறுப்பு, உன் சம்பளத்துல இருந்து கட்டுன்னு பில்லிங்ல சொன்னாங்க. வேற ஒருத்தரோட ஜாமீன் கேட்டு ஹோம்ல சேக்கறதுக்கு அந்த நாட்டுச் சட்டமே தடை போட்டிருக்குது. அம்மாவோட பணத்தை நிர்வாகம் பண்றவரா, அம்மா பணத்துல இருந்து கட்டறேன்னு கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். புதுசாச் சேக்கறவங்க "அம்மாவுக்காக, அவங்க மகள்"னு எழுதி அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க, சொந்தப் பொறுப்புன்னு வர்ற வரியை அடிச்சுருங்க.

நடுவுல அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க, அப்ப எங்களுக்கு இன்னொரு பயம், திரும்பி எடுத்துக்க மாட்டாங்களோன்னு. சில எடத்துல அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குத் தாட்டி விட்டுட்டு எடமில்லைம்பாங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்பறப்பவே எத்தனை நாள் படுக்கைய வெச்சிருப்போம்னு காகிதம் குடுக்கோணும், அந்த நாள் தாண்டிப் போனாலும் மெடிக்கெய்டுக்குத் தகுதி உள்ளவங்களை மொதல்ல காலியாகற படுக்கைக்குத் திரும்ப எடுத்துக்கோணும். அன்னிக்கே அக்கா "அம்மா திரும்பி வருவாங்க"ன்னு ஈமெயில் போட்டு ஆம்பட்ஸ்மேனுக்கும் காப்பி போட்டுச்சு, 5 நாள்ல அதே ரூமுக்கு வந்தாங்க.

ஹியரிங் வரைக்கும் போகவே இல்ல. ஆம்பட்ஸ்மேன் நேர்ல போயிப் பேசி, நாங்க குடுத்த காகித வரிசையைக் காட்டுனதும் ஹோம்காரங்க நோட்டீசை வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்குனதையும் எழுத்துல வாங்கி வெச்சோம். மெடிக்கெய்டு முடிவு அதுக்கப்புறம் 4 மாசம் ஆச்சு, ராத்திரி 7.30 மணிக்கு நானும், அங்க காலைல அக்காவும் போன்ல ஒக்காந்து கவுண்டி ஆபீஸ் லைன் கெடைக்கற வரைக்கும் பாட்டுக் கேட்டுட்டு இருந்த நாள் கணக்கில்ல. கடைசியில வந்துருச்சு.

வருசத்துக்கு ஒரு தடவை ரினியூவல் வரும், திரும்பவும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டு, பட்டா எல்லாம் கேப்பாங்க, அதனால வேலை முடிஞ்சுதுன்னு ஃபைலைத் தூக்கி அட்டாரியில போட்டுறாதீங்க. எங்க வீட்ல எல்லாக் காகிதமும் ஒரு மஞ்சப்பையில போட்டு பீரோவுல அய்யனோட மூலப்பத்திரத்துக்குப் பக்கத்துலயே இருக்குது, வர்ற தை மாசம் புது வில்லங்கம் ஒண்ணு எடுத்து அதுல சேக்கோணும்.